அண்ணன் இல்லை என்பதற்குச் சான்றிதழ்

சமூகக் கலப்புத் துறையின் தலைமை அலுவலகத்தில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஆள் உயர எழுத்தில் எழுதியிருக்கும்: 'இந்த நகரம் ஒரே குடும்பம்.' அதற்குக் கீழே ஆறு கவுண்டர்கள், பிறந்த கண்டத்துக்கு ஒன்று. ஒரு கண்டத்துக்காரர் தவறிப்போய் இன்னொரு கண்டத்துக்காரரோடு நின்றுவிடக் கூடாது என்று வரிசைகளுக்கு நடுவில் இடுப்பு உயரத்துக்குக் கம்பித் தடுப்பும் போட்டிருந்தார்கள்.

தையல்காரர் சுவரில் இருந்ததைப் படித்தார். படித்ததோடு விட்டிருந்தால் வம்பில்லை. நம்பியும் விட்டார்.

அவர் அந்த நகரத்துக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு சலவைக் கடையின் பின்பக்க அறையில், நீராவி இஸ்திரிக்கும் பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கும் கோட்டுகளுக்கும் நடுவில் தையல் மெஷின். பேன்ட் கால் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பண்டிகை முடிந்து வருபவர்களுக்கு இடுப்பைப் பிரித்துக் கொடுப்பது என்று நாள் முழுக்க வேலை. மனைவியும் மகளும் ஊரில் இருந்தார்கள். கிளம்பும்போது மகளுக்கு இரண்டு வயது, இப்போது ஐந்து. அவளைப் பொறுத்தவரை அப்பா என்பவர் போனுக்குள் குடியிருக்கும் ஒரு மனிதர். ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்துவிட, "அம்மா, அப்பாவுக்கு சார்ஜ் போடணும்" என்றாளாம். மனைவி இதைச் சிரிப்பாகத்தான் சொன்னாள். தையல்காரருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அவர்களை வரவழைக்க வேண்டுமானால் கலப்புச் சான்றிதழ் வேண்டும். இவர் இந்த நகரத்து மக்களோடு நன்றாகக் கலந்து பழகியிருக்கிறார் என்று துறை எழுதிக் கொடுக்கும் தாள் அது. விண்ணப்பம் பன்னிரண்டு பக்கம். அதில் ஒன்பதாவது கட்டத்தைப் பார்த்ததும் தையல்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. 'நன்கு பழகிய நகரவாசிகள் எட்டுப் பேரின் பெயர், முகவரி, உறவுமுறை.'

எட்டு என்ன, அவருக்குப் பதினெட்டுப் பேரைத் தெரியும். குடியிருந்த கட்டடத்தின் தரைத்தளத்தில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். அந்த ஊரிலேயே பிறந்தவர். அவருடைய பாட்டனுக்குப் பாட்டனும் அங்கேயே பிறந்தவர். கால்வீக்கக்காரர், தனி ஆள். மடிப்புப் பிரிந்த பேன்ட் கால் படியில் இழுபட அவர் நடந்து வருவதை ஒருநாள் தையல்காரர் பார்த்தார். பார்க்கச் சகிக்கவில்லை. அங்கேயே உட்கார வைத்து, மண்டியிட்டு, நாலு தையல் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து பழக்கம்.

வயதில் மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தையல்காரருக்கு நாக்கு எழவில்லை. "அண்ணே" என்றார். அது என்ன வார்த்தை என்று பஸ்காரர் கேட்டார். (இவர்கள் பேசிக்கொள்வதெல்லாம் அந்த ஊர் மொழியில்தான். படிக்கிறவர்கள் வசதிக்காக நம் பேச்சில் தருகிறேன்.) தையல்காரர் அர்த்தத்தைச் சொன்னார்.

பஸ்காரர் கொஞ்ச நேரம் தன் பேன்ட் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் கிடையாது. சரி, அப்ப நான் உன்னை என்னன்னு கூப்பிடணும்?"

"தம்பின்னு."

"தம்பி" என்று அவர் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நம் மொழியில் அவருக்குத் தெரிந்தது அந்த இரண்டு வார்த்தைதான். போனில் மகளிடம் அறிமுகப்படுத்தியபோது அவள் யாரும் சொல்லிக் கொடுக்காமலே "பெரியப்பா" என்றாள். அது மூன்றாவது வார்த்தை ஆயிற்று.

ஆகவே தையல்காரர் ஒன்பதாவது கட்டத்தில் பஸ்காரர் பேருக்கு எதிரே அண்ணன் என்று எழுதினார். தன் ஜுரத்துக்கு மூன்று நாள் மருந்து கொடுத்த இரண்டாம் மாடி நர்ஸ், அக்கா. எதிர்க்கடை பேக்கரிக்காரர், மாமா. இப்படி எட்டுப் பேருக்கும் அகராதி பார்த்து, அந்த ஊர் மொழியில் எழுத்துப் பிசகாமல் எழுதினார். 'தெரிந்தவர்' என்று எழுதித் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். நடுக்கத்தில் கிடந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவளைத் தெரிந்தவர் என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. நமக்கும் வந்திருக்காது.

நாற்பதாவது நாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். கவுண்டர் பெண்மணி முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

"வாழ்த்துகள் சார். உங்க குடும்பம் ஏற்கனவே வந்து சேர்ந்துடுச்சு."

தையல்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். பின்னால் கம்பித் தடுப்புதான் இருந்தது.

"ஒருத்தருக்கு ஆறு உறவினர் வரைக்கும்தான் அனுமதி. உங்களுக்கு எட்டுப் பேர் இருக்காங்க. அதனால மனைவி, மகள் விஷயத்தை விடுங்க. முதல்ல ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பணும். யார் யார்னு இந்தத் தாள்ல டிக் பண்ணுங்க."

தையல்காரர் பட்டியலைப் பார்த்தார். முதல் பேரே பஸ்காரர்.

"மேடம், இவர் இந்த ஊர்க்காரர். நாப்பது வருஷம் இந்த ஊர் பஸ்ஸை ஓட்டினவர். இவரை எங்க திருப்பி அனுப்புறது?"

பெண்மணி திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "உங்க அண்ணன்தானே? உங்க ஊருக்குத்தான்."

"கூடப் பிறந்த அண்ணன் இல்லீங்க. மரியாதைக்கு அப்படிச் சொல்றது. நீங்களே சுவத்துல எழுதியிருக்கீங்களே, ஒரே குடும்பம்னு."

"அது சுவர்" என்றார் பெண்மணி பொறுமையாக. "இது படிவம்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, விஷயம் அதோடு நிற்கவில்லை. அந்தக் கட்டடத்தின் மேல் மாடியில் மக்கள் நல உதவித் துறை இருந்தது. இரண்டு துறை அதிகாரிகளும் லிஃப்டில் பார்த்தால்கூடப் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கம்ப்யூட்டர்களுக்குள் நல்ல கலப்பு இருந்தது. ஒன்று சொன்னதை மற்றொன்று அன்றைக்கே கேட்டுக்கொண்டது.

ஒரே வாரத்தில் மூன்று கடிதங்கள் வந்தன. பஸ்காரருக்கு வாரம் முழுக்கக் காலையில் ஓர் உதவியாளர் வந்து, வீங்கிய கால்களுக்கு இறுக்கமான காலுறை மாட்டிவிட்டுப் போவார். குனிய முடியாத மனிதருக்கு அது பெரிய உதவி. 'அதே கட்டடத்தில் தங்களுக்கு ஒரு தம்பி இருப்பதால் தாங்கள் தனிமையில் இல்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்து, உதவியாளரை நிறுத்துகிறோம்' என்று எழுதியிருந்தார்கள். தனியாகக் குழந்தையை வளர்க்கும் நர்ஸுக்கு, குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தம்பி இருப்பதால் காப்பகத்தில் இடம் ரத்து. பேக்கரிக்காரருக்கு வந்ததுதான் விசேஷம். வேறு கண்டத்தில் பிறந்த அவர் தையல்காரருக்கு எப்படி மாமா ஆனார் என்பதை, இரு தரப்புக் கொள்ளுப்பாட்டன்களின் பிறப்புச் சான்றிதழ்களோடு நேரில் வந்து விளக்கும்படி கேட்டிருந்தார்கள்.

தையல்காரர் ஒவ்வொரு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். நர்ஸ் அக்கா, "நீ என்ன செய்வே, விடு" என்றாள். ஆனால் அவள் குரலில் களைப்பு இருந்தது. பஸ்காரர் மட்டும் கடிதத்தைப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நாப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். ஒரு கவர்ன்மென்ட் கடுதாசி கூட எனக்கு யாராவது இருக்காங்கன்னு சொன்னதில்ல. இதை நான் சட்டம் போட்டு மாட்டப்போறேன்."

"அண்ணே, காலுறை?"

"அதுக்குத்தான் தம்பி இருக்கான்னு எழுதியிருக்காங்களே" என்று காலை நீட்டினார். சிரித்து முடித்ததும் சொன்னார். "குழந்தை வரணும். அதான் முக்கியம். அதுக்கு என்ன செய்யணும்னு கேட்டுட்டு வா. நாங்க செய்றோம்."

செய்ய வேண்டியது இதுதான்: உறவின்மை விசாரணை. எட்டுப் பேரும் ஆணையர் முன்னால் வந்து, இந்த மனிதர் எங்களுக்கு யாரும் இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஆளுக்கொரு சான்றிதழ் கிடைக்கும். உறவினர் எண்ணிக்கை பூஜ்யமாகும். மனைவிக்கும் மகளுக்கும் இடம் பிறக்கும்.

விசாரணைக்கு முன்னால் ஆணையர் ஓர் உரை நிகழ்த்தினார். அவர் அதற்கு முன்பு தெருவிளக்குத் துறையில் இருந்தவர்.

"கலப்புங்கிறது தானா நடக்கும்னு பலபேர் நினைக்கிறாங்க. மாடிப்படி, கடை, பக்கத்து வீடுன்னு அவங்கவங்க இஷ்டத்துக்குக் கலந்துக்கிட்டா என்ன ஆகும்? பதிவு இருக்காது. பதிவு இல்லாத கலப்பு கலப்பே இல்ல. தானா நடந்துடும்னா துறை எதுக்கு, நான் எதுக்கு? போன வருஷம் நானூறு கலப்புக் கூட்டம் நடத்தினோம். முந்நூத்தித் தொண்ணூறு கூட்டத்துக்கு யாரும் வரல. ஆனா பாருங்க, அந்த முந்நூத்தித் தொண்ணூறுல ஒண்ணுலகூட ஒரு சின்ன சச்சரவு கிடையாது. இதை மத்த நகரங்கள்லேருந்து வந்து பார்த்துட்டுப் போறாங்க. என்னையே எடுத்துக்குங்க. முப்பது வருஷமா ஒரே வீட்ல இருக்கேன். பக்கத்து வீட்ல யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஒருநாள் சண்டை வந்ததில்ல."

கைதட்டலுக்காக நிறுத்தினார். காவலாளி தட்டினார்.

பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று முதல்நாள் சாயந்திரமே மாடிப்படியில் ஒத்திகை பார்த்திருந்தார்கள். "இவர் உங்களுக்கு யார்?" என்று கேட்டதும், நர்ஸ் அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு "யாருமில்லை" என்றாள். பேக்கரி மாமாவும் "யாருமில்லை" என்றார். சொல்லிவிட்டுப் போகிற போக்கில், தையல்காரர் மதியம் சாப்பிடாமல் வந்திருப்பார் என்று கட்டிக்கொண்டு வந்திருந்த ரொட்டியை அவர் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

பஸ்காரரிடம் மட்டும் இரண்டாம் தடவையும் கேட்டார்கள்.

"ஐயா, நான் பஸ் ஓட்டினவன். எத்தனையோ பேர் ஏறுவாங்க, இறங்குவாங்க. இவரும் அப்படி யாரோ ஒருத்தர்னு வச்சுக்குங்க."

"படிவத்துல 'யாருமில்லை'ன்னுதான் கட்டம் இருக்கு" என்றார் ஆணையர். "'யாரோ ஒருத்தர்'னு கட்டம் இல்ல."

பஸ்காரர் தையல்காரரைப் பார்த்தார். தையல்காரர் தலையை அசைத்தார், சொல்லுங்கள் என்று.

"யாருமில்லை."

எல்லாம் பேசி வைத்துக்கொண்டதுதான். ஆனாலும் அந்த நகரத்துக்கு வந்து இறங்கிய முதல் நாள்கூடத் தையல்காரர் அவ்வளவு தனியாக உணர்ந்ததில்லை. கண்ணைத் துடைத்தால் குறிப்பு எழுதிவிடுவார்களோ என்று துடைக்காமல் நின்றார்.

எட்டுச் சான்றிதழ்களும் முத்திரையோடு வந்தன. ஆணையர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"இப்ப இந்த நகரத்துல உங்களுக்குப் பழக்கமானவங்க எத்தனை பேர்?"

தையல்காரர் யோசித்தார். "யாருமில்லைங்க."

ஆணையர் கண்ணாடியைக் கழற்றினார். "மூணு வருஷமா ஒருத்தரோடயும் பழகலையா? கலப்பு பூஜ்யம்! உங்களை மாதிரி ஒதுங்கி வாழ்றவங்களாலதான் சார் இந்த நகரம் இப்படி இருக்கு."

இருந்தாலும் துறை கைவிடவில்லை. யாருமற்றவர்களுக்கு நண்பர் நியமனத் திட்டம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். இந்த ஊரில் பிறந்தவராக, அருகில் வசிப்பவராக, விண்ணப்பதாரரோடு எந்தத் தொடர்பும் இல்லை என்று சான்றிதழ் பெற்றவராகப் பார்த்துக் கம்ப்யூட்டர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். இந்த மூன்றும் பொருந்தியவர் நகரம் முழுக்க ஒரே ஒருவர்தான். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல, நியமன நண்பர் என்று பஸ்காரர் பெயரை அச்சடித்துக் கொடுத்தார்கள்.

நிபந்தனைகள் இருந்தன. ஆறு வாரம், செவ்வாய்தோறும் நாலிலிருந்து நாலரை வரை, கலப்பு மையத்தில், கண்காணிப்பாளர் முன்னிலையில் பழக வேண்டும். மற்ற நேரத்தில் பழகக் கூடாது. உறவுமுறை சொல்லி அழைத்தால் பழைய கோப்பு திறக்கப்படும். மனைவிக்கும் மகளுக்கும் மூன்று மாதத் தற்காலிக அனுமதி கிடைக்கும்; அவர்கள் வந்ததும் கண்காணிப்பாளர் வீட்டுக்கே வந்து பார்த்து, உறவு எதுவும் முளைக்கவில்லை என்று எழுதினால்தான் நிரந்தர முத்திரை. இல்லையென்றால் அடுத்த விமானத்தில் திரும்ப வேண்டியதுதான்.

கண்காணிப்பாளர் நாற்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண்மணி. பழுப்புக் கோட்டு, பழுப்புக் கோப்பு. வேலைக்காக அவரும் வேறெங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர்தான். இரண்டு அமர்வுகளுக்கு நடுவில் மூலை பெஞ்சில் தனியாக உட்கார்ந்து ஆப்பிள் தின்பார். அவருடைய கோட்டின் இரண்டாவது பட்டன் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு செவ்வாய்க்கிழமையும் தையல்காரருக்கு அந்தப் பட்டன்மேல்தான் கண். கை பரபரக்கும். ஆனால் பட்டன் தைப்பது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

நிரலில் இருந்தது கேள்வித்தாள். தையல்காரர் அதைப் பார்த்துப் படிப்பார். "உங்களுக்குப் பிடித்த பருவம் எது?"

"கால் வீங்காத பருவம்."

"ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?"

"யாராவது காலுறை போட்டுவிட வருவாங்களான்னு உட்கார்ந்திருப்பேன்."

பஸ்காரருக்கு உதவியாளரைத் திருப்பிக் கொடுக்க ஆறு மாதம் ஆகும் என்று மேல்மாடியில் சொல்லியிருந்தார்கள். அதனால் தினமும் காலையில் தையல்காரர் படியில் யாரும் இல்லையா என்று பார்த்து, அடிமேல் அடி வைத்து இறங்கி, அண்ணன் காலுக்குக் காலுறை மாட்டிவிட்டுத் திருடனைப் போலத் திரும்புவார். பகலில் வாசலில் பார்த்துக்கொண்டால் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. மூன்றாம் வாரம் அது இருவருக்கும் கசந்துபோயிற்று. ஆறாம் வார முடிவில் கண்காணிப்பாளர் அறிக்கை எழுதினார்: 'முற்றிலும் அந்நியர்களான இருவரிடையே, திட்டத்தின் பயனாக, வியக்கத்தக்க முன்னேற்றம்.'

மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் மகள் அப்பாவை ஏற இறங்கப் பார்த்து, "நீ இவ்ளோ பெரிசா?" என்று கேட்டாள். அவளைத் தூக்கியவர் வீடு வரை இறக்கவில்லை.

வாடகை வண்டி வாசலில் நின்றபோது கண்காணிப்பாளர் கோப்போடு தயாராக இருந்தார். உறவு முளைக்கிறதா என்று முதல் நொடியிலிருந்தே பார்ப்பதுதான் விதிமுறையாம். நியமன நண்பரும் உடனிருக்க வேண்டும் என்று உத்தரவு. பஸ்காரர் படியோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். உறவு சொல்லி யாரையும் கூப்பிடக் கூடாது என்று வழியெல்லாம் தையல்காரர் மனைவிக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மகளிடம் சொல்ல மறந்துவிட்டார். அவளைத் தூக்கியதும் அவருக்கு எல்லாமே மறந்துவிட்டது.

மகள் வண்டியிலிருந்து குதித்தாள். போனில் தினம் பார்த்த முகம் அங்கே நின்றது.

"பெரியப்பா!"

ஓடிப்போய் அவருடைய வீங்கிய காலைக் கட்டிக்கொண்டாள். பஸ்காரர் அசையவில்லை. கை மட்டும், அவரைக் கேட்காமலே, அவள் தலைமேல் போய் உட்கார்ந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கண்காணிப்பாளர் கோப்பைத் திறந்தார். "குழந்தை இப்ப இவரை என்னன்னு கூப்பிட்டா? அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

மூன்று வருஷமும் எட்டுச் சான்றிதழும் ஆறு செவ்வாய்க்கிழமையும் தையல்காரரின் கண்முன் வந்து நின்றன. பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. மெய்யைச் சொல்லித்தான் இத்தனையும் வந்தது. வாயைத் திறந்தபோது அவருக்கே ஆச்சரியமாக, இன்னொரு மெய் வந்து விழுந்தது.

"எங்க ஊர்ல முன்பின் தெரியாத பெரியவங்களை அப்படித்தான் மேடம் கூப்பிடுவோம்."

"தெரியாதவங்களையா?"

"ஆமா மேடம். ரோட்ல வழி கேக்கணும்னாக்கூட அப்படித்தான். யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

கண்காணிப்பாளர் எழுதினார். எழுதியதை வாய்விட்டும் படித்தார். "குழந்தை, நியமன நண்பரை அந்நியர் என்று சரியாக அடையாளம் கண்டு, அதற்குரிய சொல்லால் அழைத்தது. உறவு ஏதும் இல்லை." கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்து மனைவியின் தாளில் ஒன்று, மகளின் தாளில் ஒன்று அழுத்திக் குத்தினார். பஸ்காரர் பக்கத்திலிருந்த பெட்டியைத் தூக்கப் போனார். குனிய முடியவில்லை.

கண்காணிப்பாளர் கோப்பை மூடி, கோட்டைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். மகள் அண்ணாந்து அவரைப் பார்த்தாள்.

"அத்தை, உங்க பட்டன் விழப்போகுது. அப்பாகிட்ட குடுங்க, தைச்சுத் தருவாங்க."

கண்காணிப்பாளர் நின்றார். "இப்ப என்னைத்தானே சொன்னா? அதுக்கு என்ன அர்த்தம்?"

"அதேதான் மேடம்" என்றார் தையல்காரர். "உங்களையும் அவளுக்கு முன்பின் தெரியாதில்லையா."

கண்காணிப்பாளர் தலையாட்டினார். இரண்டு படி இறங்கினார். மறுபடி திரும்பினார்.

"அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க. பதிவுக்காக."

மகள் சொன்னாள். கண்காணிப்பாளர் கேட்டுக்கொண்டு நின்றார். கோப்பு மூடியே இருந்தது. பேனா பைக்குள் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.